கிராணிக்கு வந்த கடிதங்கள்

மலேசியாவில் சுங்காய்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பத்தொரு வருஷம் கிராணியாக இருந்தவன் நான். தண்டலுக்கு ஆள் கணக்கு என்றால் கிராணிக்குக் கடிதக் கணக்கு. வந்ததைப் பிரித்து, தேதி முத்திரை குத்தி, கோப்பில் கோத்து, ஒரு வாரத்துக்குள் பதில் போட்டாக வேண்டும். நான் ஓய்வு பெற்றபோது தோட்டத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்திருந்தது. என் மேசையில் பதில் போடாத கடிதம் ஒன்றுகூட இல்லை. இந்த நல்ல பழக்கம்தான் பிற்பாடு என் காலை வாரியது.

புதுக் கைப்பேசி வாங்கப் போனேன். கடைப் பெண் ஈமெயில் கேட்டாள். இல்லை என்றேன். "அங்கிள், ஈமெயில் இல்லாட்டி போன் சும்மா டார்ச் லைட்தான்" என்று சொல்லி, இரண்டு நிமிஷத்தில் எனக்கொரு முகவரி செய்து கொடுத்தாள். அடுத்த மாதம் ஈப்போவில் ஒரு பேரங்காடி. வாசலில் மாலை போட்டு ஒரு மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தார்கள். பாரம் நிரப்பிப் போட்டால் பரிசுக் குலுக்கலில் சேரலாம். "என்னங்க, முட்டி தேஞ்ச வயசுல மோட்டார் எதுக்கு?" என்றாள் என் மனைவி. அரிசி, எண்ணெய் வாங்கிய ரசீதுக்குப் பதினொரு பாரம் கொடுத்தார்கள். பதினொன்றிலும் முகவரியை அழகான கையெழுத்தில் எழுதிப் போட்டேன். மோட்டார் வரவில்லை. கடிதம் வந்தது.

முதலில் எனக்குப் பெருமைதான். தேத்தண்ணியோடு உட்கார்ந்து ஒன்று விடாமல் படிப்பேன். மெத்தை விற்கிறவன், மூட்டுவலித் தைலக்காரன், நான் கேட்காமலே எனக்குக் கடன் அனுமதித்த ஒரு புண்ணியவான். எங்கோ ஒரு நாட்டிலிருந்து ஒரு விதவை அம்மாள், கணவர் விட்டுப்போன பதினான்கு மில்லியன் டாலரை ஒப்படைக்க நல்ல மனிதர் ஒருவரைத் தேடுவதாக எழுதியிருந்தார். 'மதிப்பிற்குரிய அம்மையாருக்கு, தங்கள் கணவரின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல். பண விஷயத்தை என் மகளைக் கலந்துகொண்டு தெரிவிக்கிறேன்' என்று ஆங்கிலத்தில் பதில் போட்டேன். அந்த வாரம் முடிவதற்குள் மேலும் மூன்று விதவைகள் வந்தார்கள். நால்வருக்கும் இரங்கல் தெரிவித்தேன்.

ஒரு வார இறுதியில் மகள் வந்தாள். அதற்குள் கடிதங்கள் என் வாசிப்பை முந்திவிட்டன. திறக்காத கடிதம் 6,214. "ஏம்ப்பா இவங்களுக்கெல்லாம் பதில் போட்டீங்க?"

"கடிதம் வந்தா பதில் போட வேணாமாம்மா?"

அவள் சொன்ன விளக்கம் இது. இவர்கள் கண்ணை மூடிக்கொண்டு லட்சக்கணக்கான முகவரிக்கு எறிகிறார்கள். எந்த முகவரிக்குப் பின்னால் ஆள் உயிரோடிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. பதில் போட்டால் தெரிந்துவிடும். சில கடிதங்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொட்டுப் படம் இருக்குமாம். திறந்து பார்த்தாலே அனுப்பியவனுக்குச் சேதி போய்விடுமாம். ஆள் இருக்கிற முகவரிக்குச் சந்தையில் விலை அதிகம். வாழ்க்கையில் முதன்முறையாக எனக்கு விலை ஏறியிருந்தது.

இது லாலாங் புல் கதைதான் என்று எனக்கு விளங்கியது. புதுசாக வந்த துரை லாலாங்கை மேலாக வெட்டச் சொல்லிவிட்டு, செத்தது என்று நினைப்பார். அடியில் வேர்த்தண்டு உட்கார்ந்துகொண்டு இன்னும் பத்து முளை விடும். மூடுபயிர் போட்டு வெயிலை மறைத்தால்தான் அடங்கும்.

இந்த லாலாங்கை முதலில் நட்டவர் ஒரு விற்பனைக்காரர். 1978 மே 3 அன்று கேரி துர்க் என்ற அமெரிக்கர், தம் கம்பெனிக் கணினிக்கு விளம்பரமாக ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே கடிதத்தைத் தட்டிவிட்டார். அதே 1978-இல் நியூ ஜெர்சியில் 14 வயதுத் தமிழ்ப் பையன் சிவா அய்யாதுரை, ஈமெயில் என்ற பெயரில் ஒரு கணினி நிரல் எழுதினார். 1982-இல் அதற்குப் பதிப்புரிமையும் பெற்றார். ஈமெயிலைக் கண்டுபிடித்ததே தமிழன்தான் என்று பீடோரில் இருக்கும் என் மச்சான் மேசையைத் தட்டுவார். வரலாற்றாளர்கள் ஒத்துக்கொள்வதில்லை, 1971-லேயே ரே டாம்லின்சன் கணினிக்குக் கணினி கடிதம் அனுப்பிவிட்டார். நான் வரலாற்றாளர் கட்சி. கண்டுபிடித்தது நாமென்றால் இந்தச் சம்பாவை, அதாவது குப்பையை, அள்ளுவதும் நாமல்லவா?

இரண்டே வருஷத்தில் இந்தக் குப்பைக் கடிதங்களை ஒழித்துவிடலாம் என்று 2004-இல் பில் கேட்ஸ் சொன்னார். ஒழியவில்லை. ஆனால் அப்போது அவர் பேசிய யோசனைகளில் ஒன்று கிராணி மூளைக்கு ஏறுகிறது: கடிதம் அனுப்புகிறவன் காசு கொடுக்கட்டும். 2010-க்கு முன் இந்த நாட்டில் சாதாரணக் கடிதத்துக்கு 30 சென் தபால்தலை. என்னிடம் துக்கம் சொல்ல ஒரு விதவை 30 சென் செலவழிப்பாரா? லட்சம் பேருக்கு அனுப்பினால் முப்பதாயிரம் வெள்ளி. அந்தக் காசுக்கு அவர் உண்மையிலேயே விதவையாக இருக்க வேண்டும்.

மகள் வைத்தியம் பார்த்தாள். படங்கள் தானாகத் திறப்பதை அடைத்தாள். முன்பின் தெரியாதவன் கடிதத்தில் 'விலக்கிக்கொள்க' என்று இருந்தாலும் தொடக் கூடாது, ஸ்பேம் என்று புகார் செய்ய வேண்டும். தெரிந்த கடை என்றால் தாராளமாக விலகலாம் என்றாள். மொத்தமாக அனுப்பும் கம்பெனிகள் ஒரே அழுத்தலில் விலக வழி வைக்க வேண்டும் என்று 2024 முதல் ஜிமெயிலும் கறாராக இருக்கிறது. குலுக்கலுக்கென்று தனி முகவரி ஒன்றும் போட்டுக் கொடுத்தாள். அதை நான் திறப்பதே இல்லை.

சில கடைகள் அப்போதும் விடவில்லை. அங்கேதான் என் பழைய தொழில் கைகொடுத்தது. நம் நாட்டின் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 43-ஆம் பிரிவு: என் விவரத்தை வைத்து எனக்கு விளம்பரம் அனுப்பாதே என்று எழுத்து மூலம் கேட்கலாம். எழுத்து மூலம்! ஆணையர் உத்தரவிட்டும் கேட்காவிட்டால் அபராதம் இரண்டு லட்சம் வெள்ளி வரைக்கும், சிறை இரண்டாண்டு வரைக்கும் போகும். எட்டுக் கடிதம் தயாரித்தேன். மேற்கோள் எண், பொருள், பிரிவு, நகல் எல்லாம் முறைப்படி. ஏழு கடைகள் நிறுத்திவிட்டன. எட்டாவது மன்னிப்புக் கேட்டு, கூடவே தள்ளுபடிக் கூப்பனும் அனுப்பியது.

இப்போது ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு கடிதம்தான். ஒரே ஒரு சங்கடம். போன மாதம் பழைய தோட்டத்துக் கோயில் திருவிழா அழைப்பும் சம்பாவோடு சம்பாவாகப் போய்விட்டது. அன்னதானம் முடிந்த மறுநாள்தான் பார்த்தேன். ஆகவே என்னைத் தெரிந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முக்கியமான சேதி என்றால் தபால்தலை ஒட்டி அனுப்புங்கள். சுங்காய்க்கு அஞ்சல் குறியீடு 35600. ஒரு வாரத்துக்குள் பதில் வரும்.