விண் கேட்டுத் தூங்குகிறவர்

மார்கழி பிறந்துவிட்டால் வல்வெட்டித்துறைப் பட்டக்காரர் நாட்காட்டி பார்ப்பதில்லை, தென்னோலை பார்க்கிறார். ஓலை தென்மேற்காகச் சாய்ந்தால் வாடை விழுந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு தைப்பொங்கல் முடியும்வரை மனுசன் வீட்டுக்கு உதவமாட்டார். ஊருக்கு வடக்கே கடல். காற்றும் கடலிலிருந்து கரைக்கு. ஆகவே மணலில் நின்று ஏற்றிய பட்டம் நேரே ஊருக்கு மேலே வந்து நிற்கும். அயலவரின் கூரைகளுக்கு மேலுள்ள ஆகாயமும் தன் வளவுக்குள் அடக்கம் என்று அவர் நம்புவதற்கு இந்தப் புவியியல்தான் காரணம்.

அவருக்கு வயது பத்தாகவும் இருக்கலாம், எழுபதாகவும் இருக்கலாம். நாம் பார்க்கிறவருக்கு ஐம்பத்தைந்து. சாரம் சாயம்போனது, சேட்டில் இரண்டு பொத்தான் இல்லை. ஆனால் பட்டத்துக்கு ஒட்டும் ரிசுப் பேப்பரில் சிவப்பு கொஞ்சம் வெளிறியிருந்தாலும் கடைக்காரரோடு அரை மணி நேரம் வழக்காடுவார். மனைவிக்குப் பொங்கல் சேலை எடுக்க அவருக்குப் பத்து நிமிடம் போதும்.

வீட்டில் ஆடு மாடு கிடையாது. ஆனால் விறாந்தைச் சுவரில் கொக்கு தொங்குகிறது, பிராந்து தொங்குகிறது, சாமியறை வாசலில் பாம்பு படமெடுத்தபடி நிற்கிறது. எட்டுமூலைப் பட்டத்துக்கு மட்டும் உயிரினப் பெயர் இல்லை. அதனாலோ என்னவோ அதன்மேல் அவருக்குப் பாசம் ஒரு பிடி குறைவு. மழைத் தூறல் விழுந்தால் கொடியில் காயும் உடுப்புக்கு முன்னதாகப் பிராந்துதான் உள்ளே வரும்.

மூங்கில் சீவுவது, நூலைப் பட்டத்தோடு இணைக்கும் முச்சையைக் கட்டுவது எல்லாம் மற்றவர்களுக்கும் வரும். அவருடைய வித்தை விண் பூட்டுவதில். வில்லாக வளைத்த சிலாகையில் பட்டையான நாரை இழுத்துக் கட்டிப் பட்டத்தின் தலையில் ஏற்றினால், காற்றில் அது அதிர்ந்து கூவும். முந்தி பனை நார். இப்போது பெட்டி கட்டி வருகிற பார்சல் நாரும் ஆகும். நாரை இறுக்கினால் குரல் ஏறும், தளர்த்தினால் இறங்கும். சுருதி சேர்க்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். தவில் மேதை தட்சிணாமூர்த்தி பிறந்த யாழ்ப்பாணக் குடாநாடு இது. அந்தத் தவிலை நேரில் கேட்டவர்கள்கூட இவ்வளவு கண்ணை மூடியிருக்க மாட்டார்கள். மலேசியாவின் ‘வாவ்’ பட்டத்துக்கும் இப்படி ஒரு வில் உண்டு என்று ஒருமுறை யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

“அது எங்கட கப்பல்காரர் கொண்டுபோய்க் குடுத்ததாத்தான் இருக்கும்” என்றார். ஆதாரம் கேட்டால் அன்னபூரணியைக் காட்டுவார். இந்த ஊரில் கட்டிய அந்தப் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்தது. அதற்கும் மலேசியப் பட்டத்துக்கும் என்ன தொடர்பு? பாய் கட்டத் தெரிந்த ஊருக்குப் பட்டம் கட்டத் தெரியும், அதுதான் தொடர்பு. ஒரு பிடி பிடித்தால் விடாத ஊர் என்பதில் சந்தேகமில்லை. பாக்கு நீரிணையை 1971இல் நீந்திப் போய் நீந்தியே திரும்பிய ஆழிக்குமரன் ஆனந்தனும் இங்கத்தவர்தான். ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றும் அவர் சாதனை படைத்தார். நம்மவரும் நூலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நிற்பார், ஆனால் இரண்டு காலில்.

2021 மார்கழியில், பக்கத்துப் புலோலியில், பெரும் பட்டமொன்றின் கயிற்றைப் பிடித்திருந்த இளைஞரைப் பட்டமே தூக்கிக்கொண்டு போனது. முப்பது அடி உயரத்தில் அவர் தொங்கிய காணொளியை உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. நல்ல வேளை, உயிர் தப்பினார். நம்மவரும் பார்த்தார், நாலு தரம். பிறகு கேட்ட ஒரே கேள்வி:

“முச்சை எந்த இடத்தில போட்டவங்கள்?”

பொங்கலன்று பின்னேரம் உதயசூரியன் கடற்கரையில் விசித்திரப் பட்டப் போட்டி. கப்பல் பறக்கும், விமானம் பறக்கும், ஆகாயத்தில் நின்றபடி உறுப்பசைக்கும் உருவங்களும் பறக்கும். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்களின் கைபேசிகள் எல்லாம் அண்ணாந்தே இருக்கும். நம்மவர் இவற்றை மெச்சுவார், ஆனால் அரை மனத்தோடு. “வடிவுதான். சத்தமில்லையே” என்பார். கூவாத பட்டம் அவருக்கு ஊமைப்படம்.

அவருடைய போட்டி இரவில்தான் தொடங்கும். விளக்குப் பூட்டிய பிராந்தை ஏற்றி, கயிற்றை முற்றத்து வேம்பில் கட்டிவிட்டுப் படுப்பார். ஊர் முழுக்க விண் கேட்கும். கைக்குழந்தை உள்ள வீடுகளில் வேறு விதமான பேச்சும் கேட்கும். அவருக்கோ அதுதான் தாலாட்டு. ஐந்தாம் நிமிடம் குறட்டை, அதுவும் ஏறக்குறைய அதே சுருதியில்.

ஒருநாள் சாமம் இரண்டு மணிக்கு விண் நின்றது. ஊர் அப்போதுதான் கண்ணயர்ந்தது. அவர் திடுக்கிட்டு எழுந்தார்.

“இஞ்சாருங்கோ, விடிஞ்சாப் பிறகு தேடலாம்தானே?” என்றார் மனைவி, போர்வைக்குள்ளிருந்து.

“பனியில நனைஞ்சா ரிசு போயிடுமப்பா. நீர் படுத்துக்கொள்ளும்.”

ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு, தளர்ந்து கிடந்த கயிற்றை விரலால் தடவித் தடவி நடந்தார். கயிறு ஒரு கூரை ஏறி, ஒரு முருங்கையில் சுற்றி, அடுத்த வேலிக்குள் இறங்கியது. முதல் வீட்டு நாய் குரைத்தது. இரண்டாம் வீட்டு நாயும் குரைத்தது. மூன்றாம் வீட்டு நாய் தலையைத் தூக்கிப் பார்த்து, ஆளை அடையாளம் கண்டு, மறுபடி படுத்துக்கொண்டது.