சின்னவன் வீடு உடைத்த கதை

சிங்கப்பூர்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நம் சின்னவன் சிங்கப்பூரில் மூன்று அறை வீடு வாங்கிவிட்டான் என்று தூத்துக்குடி பீச் ரோட்டிலிருந்து திரேஸ்புரம் வரைக்கும் செய்தி போய்விட்டதாக மதினி போனில் சொன்னார்கள். போன செய்தியில் கொஞ்சம் திருத்தம் செய்துகொள்ளுங்கள். இங்கே நடுக்கூடத்தையும் ஓர் அறையாக எண்ணிக்கொள்வார்கள். படுக்கையறை இரண்டுதான். எல்லாம் சேர்த்து 700 சதுர அடி போல வரும். நம் வீட்டுப் பட்டாசலையும் தார்சாவையும் தூக்கிவந்து உள்ளே வைத்தால் அடுப்படிக்கு இடம் இருக்காது. சொந்தம் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், இங்கே சுருக்கமாக வீவக, 99 வருஷக் குத்தகைக்குக் கொடுக்கிற வீடு. அதில் நாற்பது வருஷத்துக்கு மேலேயே ஒரு சீனத் தம்பதி வாழ்ந்து தீர்த்துவிட்டார்கள். மிச்சத்தைத்தான் சின்னவன் வாங்கியிருக்கிறான்.

வாங்கிய வீட்டைச் சீராக்கக் காசு வேண்டுமே. இந்த ஊரில் சம்பளத்தில் பிடிக்கிற மத்திய சேமநிதியை எடுத்து வீடு வாங்கலாம். வாங்கிய வீட்டில் ஒரு குழாயை மாற்ற அதிலிருந்து ஒரு சிங்கப்பூர் வெள்ளிகூட எடுக்க முடியாது. புதுப்பிப்புக்கென்று வங்கிகள் தனிக் கடன் தருகின்றன. பெரும்பாலும் 30,000 வெள்ளி, இல்லையென்றால் ஆறு மாதச் சம்பளம், இரண்டில் எது குறைச்சலோ அதுதான் எல்லை. சின்னவனுக்கு எது குறைச்சல் என்று உங்களுக்கே தெரியும்.

அந்தத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வடிவமைப்பாளரிடம் போனார்கள். அவர் கம்ப்யூட்டரில் ஒரு படம் காட்டினார். படத்தில் வீடு வீடாகவே இல்லை, ஓட்டலாக இருந்தது. அடுப்படிக்கு நடுவே நாலு பக்கமும் சுற்றி வரும்படி ஒரு கல் மேடை. அதைத் தீவு என்கிறார்கள். நம் ஊர் முயல் தீவைத் தவிர வேறெந்தத் தீவுக்கும் ஆசைப்பட்டறியாத அவன் வீட்டுக்காரி, அன்றைக்கு இந்தத் தீவு வேண்டுமென்று பிடிவாதமாக நின்றாள். விலையைக் கேட்டதும் சின்னவன் அங்கேயே தீவை மூழ்கடித்துவிட்டான்.

பிறகு தொடங்கியது உடைக்கும் படலம். நம் ஊரில் கொத்தனார் பஞ்சாங்கம் பார்த்துக் கடப்பாரையைத் தொடுவார். இங்கே நல்ல நேரம் குறித்துக் கொடுப்பது வீவக. இடிக்கிற, துளைக்கிற சத்தமெல்லாம் வார நாளில் காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணி வரைக்கும்தான். சனி, ஞாயிறு, பொது விடுமுறை என்றால் மூச்சு விடக்கூடாது. ராகு காலம், எமகண்டம் பார்க்கிறவர்கள் அந்த எட்டு மணி நேரத்துக்குள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். தூண், உத்தரம், தாங்கு சுவர் எதையும் தொடக்கூடாது. தாங்காத சுவரை இடிப்பதற்கும் அனுமதி வேண்டும், இடிக்கிறவர் வீவகவில் பதிவு செய்த ஒப்பந்தக்காரராகவும் இருக்க வேண்டும்.

"சொந்தக் காசுல வாங்குன செவுத்த இடிக்க ஊரான்கிட்ட அனுமதி கேக்கணுமாக்கும்" என்று சின்னவன் குதித்தான். ஆனால் அவன் காசைக் காப்பாற்றியதே அந்த விதிகள்தான். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே இருந்த சுவரை எடுத்துவிட்டு வீட்டை விசாலமாக்கத் திட்டம் போட்டிருந்தான். அது தாங்கு சுவர் என்று வரைபடம் சொல்லிவிட்டது. சுவரும் நின்றது, இடிக்கிற கூலியும் நின்றது.

வேலைக்கு வந்தவர் அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். தமிழ்நாட்டு ஆள் என்று தெரிந்ததும் சின்னவன் வீட்டுக்காரி சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, விரல் முட்டியால் சுவர் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். தட்டிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்பார். "இது பிடிச்சிருக்கு. இது பொந்து." பொந்துச் சத்தம் வந்த ஓட்டில் மட்டும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. அடுப்படிச் சுவர் முழுக்கத் தட்டி முடித்தபோது குறி விழுந்தவை கொஞ்சம்தான். அவற்றை மட்டும் பெயர்த்துப் பூசி, மற்றதின் மேலேயே புது ஓடு ஒட்டிவிடலாம், எல்லாவற்றையும் உடைத்து அள்ளினால் குப்பை ஏற்றிப் போகவே தனிக் காசு என்றார். படம் காட்டியவர் சொல்லாத யோசனை அது.

தரைக்கும் அதையே செய்யலாமா என்று சின்னவன் கேட்டான். அங்கேதான் அளவு நாடா வெளியே வந்தது. பூச்சும் ஓடும் சேர்ந்து 50 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது வீவக விதி, கட்டடம் தாங்க வேண்டிய பாரத்துக்காக. வாசல் நிலையடியில் குனிந்து அளந்து பார்த்து, இடம் இருக்கிறது என்று தலையாட்டினார். மெல்லிய ஓடு போட்டார்கள். கதவுகள் தரையில் உரசின. கதவைக் கழற்றிக் கூடத்தில் படுக்கப்போட்டு அடிப்பக்கத்தை இழைத்தார்கள். இழைத்த தூள் இன்னும் சோபாவுக்கு அடியில் இருக்கிறது.

நம் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள் என்று தாத்தா சொல்வாரே, பழைய வீட்டைப் பிரித்துப் பார்ப்பதும் அந்த ஏலம்தான். தூத்துக்குடியில் 1961-ஓடு அரசு முத்துக்குளிப்பு நின்றுபோனது. சின்னவன் வீட்டில் போன மாதம் நடந்தது. அடுப்படியில் பொய்க்கூரையைக் கழற்றினார்கள். கிடைத்தது துரு. காரை பாளம் பாளமாக விட்டுப்போய், உள்ளே கம்பி கருவாட்டு முள் மாதிரி தெரிந்தது.

இதற்குக் கடற்கரையில் பிறந்தவனுக்கு விளக்கம் தேவையில்லை. காங்கிரீட்டுக்குள் காற்றும் ஈரமும் இறங்க இறங்கக் கம்பியைக் காக்கிற காரத்தன்மை குறையும். கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், கேட்டு, மேலே இருக்கிற காரையை நெட்டித் தள்ளும். இங்கே பழைய அடுக்குமாடி வீடுகளில் குளியலறைக் கூரையிலும் அடுப்படிக் கூரையிலும் இது சகஜம். நம் ஊரில் உப்புக் காற்று அந்த வேலையைச் சீக்கிரமாக முடித்துக் கொடுக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

குளியலறைக் கூரையில் கசிவும் இருந்தது. மேல்வீட்டுத் தரையிலிருந்து இறங்குகிற தண்ணீர். நம் தெருவாக இருந்தால் இதை வைத்து இரண்டு தலைமுறை பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கலாம். இங்கே இரண்டு வீட்டுக்கும் சேர்ந்த பொறுப்பு என்கிறார்கள். வீவகவின் உதவித் திட்டத்தில் போனால் செலவில் பாதியை அது ஏற்கும், மேல்வீடு கால் பங்கு, கீழ்வீடு கால் பங்கு. சண்டை போடுவதற்கு மிச்சமே வைக்காத ஏற்பாடு. சின்னவன் மேல்வீட்டுக் கதவைத் தட்டியபோது கோபமாகப் பேசத் தயாராகப் போனான். அந்த வீட்டுப் பாட்டி ஆரஞ்சுப் பழம் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இரண்டு கழிவறைகளையும் மாற்ற வேண்டும் என்று தொடக்கத்திலிருந்தே வீட்டுக்காரி சொல்லிக்கொண்டிருந்தாள். சின்னவன் வாயைத் திறக்கவில்லை. கஞ்சத்தனம் என்று நாங்களும் நினைத்தோம். பயல் வாக்கெடுப்புக்குக் காத்திருந்திருக்கிறான்! 2007-இலிருந்து வீடு மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று நடக்கிறது. பழைய புளோக்குகளில் பெயர்ந்த காங்கிரீட்டைச் செப்பனிடுவது, கழிவுக் குழாய் மாற்றுவது போன்ற அத்தியாவசிய வேலைகளை அரசாங்கமே முழுச் செலவில் குடிமக்களுக்குச் செய்து தரும். கழிவறையைப் புதுசாக்குவது விருப்பத்தைப் பொறுத்தது. அதற்கு மூன்று அறை வீட்டுக் குடிமகன் கொடுக்க வேண்டியது செலவில் 5 சதவீதம். ஆனால் புளோக்கில் தகுதியுள்ள குடிமக்கள் வீடுகளில் 75 சதவீதம் வேண்டுமென்று வாக்களித்தால்தான் திட்டமே வரும்.

கழிவறைக்குத் தேர்தல் வைத்த ஊரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். சின்னவன் குடியுரிமை வாங்கியவன். கீழ்த்தளத்தில் உட்கார்ந்து சதுரங்கம் ஆடுகிற கிழவர்களிடம் போய் வாக்குச் சேகரித்தான். அவர்களுக்கு இவன் தமிழும் புரியாது, இவனுக்கு அவர்கள் சீனமும் புரியாது. இருந்தாலும் கழிவறை என்பது கையைக் காட்டிப் புரியவைத்துவிடக்கூடிய விஷயம்தான். வாக்கெடுப்பில் திட்டம் ஜெயித்தது. வேலை நடக்கிற நாட்களுக்கு வீட்டுக்குள் வைத்துக்கொள்ளத் தற்காலிகக் கழிவறை ஒன்று கொடுப்பார்களாம். அதை எந்த அறையில் வைப்பது என்பதுதான் இப்போது அந்த வீட்டின் உள்நாட்டுப் பிரச்சினை.

ஜன்னல் கதையை மதினியிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஜன்னல் சட்டத்தைக் கீலோடு பிணைக்கிற ஆணி, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிசு. அது அலுமினியமாக இருந்தால் நாளாவட்டத்தில் அரித்து, கதவு அப்படியே மாடியிலிருந்து கீழே போய்விடுகிறது. அதனால் 2004 அக்டோபரிலிருந்து, வெளியே திறக்கிற ஜன்னல்களில் எவர்சில்வர் ஆணி அடித்தாக வேண்டும் என்று சட்டம். அடிக்காதவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. மாடியில் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறீர்களே ஒரு ஜன்னல், அதற்கு இங்கே உங்களை உள்ளே தூக்கி வைத்துவிடுவார்கள்.

சின்னவனின் சிநேகிதர் ஒருவர், ஆறுமுகநேரிக்காரர், புத்தம்புது வீடு வாங்கினார். புது வீட்டில் உடைக்க ஒன்றுமில்லை என்று நினைத்தோம். குளியலறை ஓட்டின் நிறம் அவர் மனைவிக்குப் பிடிக்கவில்லை. கட்டடம் முடிந்து மூன்று வருஷத்துக்குக் குளியலறை ஓட்டைத் தொடக்கூடாது, அடியில் இருக்கிற நீர்த்தடுப்புப் படலம் கிழிந்துவிடும் என்பது விதி. மூன்று வருஷத்துக்குள் அந்த நிறம் பழகிவிட்டது. அந்த வீட்டில் ஒரு குண்டுக் காப்பறையும் உண்டு. 1997 சட்டத்துக்குப் பிறகு கட்டுகிற வீடுகளில் அதைச் சேர்த்தே கட்டுகிறார்கள். கெட்டிச் சுவர், இரும்புக் கதவு. போர் வரும்வரைக்கும் சும்மா கிடப்பானேன் என்று ஊரிலிருந்து வந்த சீலாக் கருவாட்டை அங்கே வைத்தார். கதவைச் சாத்தினால் வாடை வெளியே போகாது என்பது அவர் கணக்கு. காற்றுத் துளைகளை அடைக்கக் கூடாது என்று விதி இருக்கிறதே, அது வழியாக ஊருக்கே தெரிந்துபோனது.

பழைய சாமானுக்கு முன்பு சுங்கை ரோட்டுச் சந்தை இருந்தது. 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள். இப்போது எல்லாம் கரோசெல் என்ற செயலியில். வீடு மாறுகிறவர்கள் கட்டில், பீரோவைச் சும்மாவே கொடுக்கிறார்கள், தூக்கிப்போகிற வண்டிக் கூலிதான் நமக்கு. சின்னவன் வீட்டுச் சாப்பாட்டு மேஜை அப்படி வந்தது. நாற்காலி நாலும் நாலு வீட்டிலிருந்து வந்தவை.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். 2023 டிசம்பர் மழையில், பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது நம் சுவர் குடித்த தண்ணீர் இன்னும் காயவில்லை, உப்புப் பூத்துக் காரை உதிர்கிறது என்கிறீர்கள். பழைய காரையைச் சுரண்டிவிட்டு சிமெண்டு பூசி, இடுப்பு உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று கொத்தனார் சொல்கிறாராம். ஒட்டவே ஒட்டாதீர்கள். நம் பின்கட்டு முருகைக்கல் சுவர், சுண்ணாம்புக் காரை. உள்ளே ஏறுகிற ஓதம் சுண்ணாம்பு வழியாக ஆவியாகி வெளியே போய்விடும். சிமெண்டும் டைல்ஸும் அந்த வழியை அடைத்துவிட்டால், இடுப்பளவு ஓதம் தலையளவுக்கு ஏறும். அதற்கப்புறம் அங்கேயும் டைல்ஸா? சிப்பிச் சுண்ணாம்பு வாங்கி நீற்றி, உதிர்ந்த இடத்தில் மட்டும் பூசச் சொல்லுங்கள். அந்தச் சுவரில் கம்பி கிடையாது, துருப்பிடிக்க ஒன்றுமில்லை. முன்கட்டுக் காங்கிரீட்டில் எங்காவது ஒட்டுப்போட வேண்டியிருந்தால் போர்வெல் தண்ணீரைக் கலக்காமல் குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீரைக் கலக்கச் சொல்லுங்கள். செலவில்லாத யோசனை இது ஒன்றுதான்.

பின்கட்டுச் சுவரில் விழுந்த மூலைக்கு முருகைக்கல்லே வேண்டுமென்று யாரையும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்தில் கடலில் இருந்து பெயர்த்து வந்த பவளப்பாறைதான் அது. வீட்டுக்கும், சுண்ணாம்புக் காளவாசலுக்கும், ஆலைக்கும் பெயர்த்துப் பெயர்த்தே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. 1986-இல் அந்தத் தீவுக் கூட்டம் தேசியப் பூங்கா ஆனது. 2001-இல் பவளப்பாறை, வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறியது, புலி இருக்கிற அதே பட்டியலில். இப்போது அதே கூட்டத்து வான் தீவு கரைந்துபோகாமல் இருக்கக் காங்கிரீட்டில் செயற்கைப் பாறை வார்த்துக் கடலில் இறக்கியிருக்கிறார்கள். நம் வீட்டுக்கு எடுத்த கல்லுக்கு அரசாங்கம் வட்டி கட்டுகிறது. விழுந்த கல்லையே பொறுக்கி வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

தேக்குக் கதவை விலைக்குக் கேட்டு ஆள் வருகிறான் என்று மதினி சொன்னார்கள். கொடுக்க வேண்டாம். அதே மாதிரிப் பழைய கதவைச் சாப்பாட்டு மேஜையாக்கிக் கொள்ளை விலைக்கு விற்கிற கடைகள் இங்கே இருக்கின்றன.

கொத்தனார் இதற்கெல்லாம் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று தெரியும். சுண்ணாம்பு பூசுவது கிழவன் காலத்து வேலை என்பார். சிங்கப்பூரில் எல்லோரும் இப்போது இப்படித்தான் செய்கிறார்கள், சின்னவன் போன் பண்ணிச் சொன்னான் என்று சொல்லிவிடுங்கள். மறுநாள் காலையில் சுண்ணாம்போடு வந்து நிற்பார்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி