இடது ஓரத்துக்குக் கிராக்கி

சைக்கிள்போல மெதுவாகப் போகிறவர் இடது ஓரமாகப் போகட்டும் என்கிறது சாலை விதி. சென்னையில் அந்த ஓரத்துக்குத்தான் கிராக்கி அதிகம். பேருந்தை இடப்பக்கமாக முந்தும் பைக், யூ டர்ன் வரை போகச் சோம்பல்பட்டு எதிர்த்திசையில் வரும் ஸ்கூட்டர், காதுக்கும் தோளுக்கும் நடுவே செல்போனைச் செருகிக்கொண்டு, வலது இண்டிகேட்டர் சிமிட்டச் சிமிட்ட இடப்பக்கம் திரும்புகிறவர் எல்லோருக்கும் அதுவே ராஜபாட்டை. வேகத்தைக்கூட மன்னிக்கலாம்; லாரி வேகமாக வந்தாலும் எந்தப் பக்கம் போகும் என்று ஓரளவு ஊகிக்க முடியும். பைக் எந்தப் பக்கம் போகும் என்பது பல நேரம் ஓட்டுகிறவருக்கே கடைசி நொடியில்தான் தெரியவருகிறது.

“சைக்கிள்காரர் மட்டும் என்ன யோக்கியம்? கண்ணாடி உண்டா, பின்விளக்கு உண்டா?” என்பார்கள். நியாயமான கேள்வி, இரண்டும் பெரும்பாலும் கிடையாதுதான். ஆனால் மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கமாக ஏறும். எடை ஒன்றே என்று வைத்துக்கொண்டாலும், 15 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவரைப்போல 16 மடங்கை 60-இல் வருகிறவர் கொண்டுவருகிறார். பைக்கின் எடை தனிக் கணக்கு. சைக்கிளுக்கு ஆதரவு இல்லாமலில்லை; பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்கிறது. மோட்டாரில்லாப் போக்குவரத்துக்கென்று சென்னை மாநகராட்சி 2014-இல் ஒரு கொள்கையே வகுத்தது. சைக்கிளும் உண்டு, கொள்கையும் உண்டு. சைக்கிள் பாதை வேண்டுமென்றால், அதில் நிறுத்தியிருக்கும் பைக்குகளை யாராவது எடுத்தால்தான் உண்டு.