இரண்டு பக்கமும் கூர்

சாதாரணப் பின்னல் ஊசிக்கு ஒரு பக்கம் கூர், மறுபக்கம் குமிழ். கண்ணிகள் அந்தப் பக்கமாகக் கழன்று ஓடாமல் குமிழ் காவல் நிற்கும். ஆனால் சாக்ஸ், கையுறை, குல்லாவின் உச்சி என்று வட்டமாகப் பின்ன வேண்டியவற்றுக்கு இருபக்கமும் கூரான ஊசி வேண்டும், அதுவும் நாலைந்து வேண்டும். கடையில் போய்க் கேட்டுப் பாருங்கள். "குமிழ் இல்லாம டேமேஜ் பீஸெல்லாம் நாங்க வைக்கிறதே இல்ல சார்" என்று கடைக்காரர் பெருமையோடு சொல்வார்.

சென்னையில் உட்கார்ந்து கம்பளி சாக்ஸ் பின்னும் ரிட்டயர்டு ஆசாமிக்கு இதைவிட நல்ல வரவேற்பு கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். மகள் இருப்பது குன்னூரில், பேரனுக்குக் கால் சில்லிடுகிறது என்றால் "ஓஹோ" என்பார்கள். ரெடிமேட் சாக்ஸ் என்ன விலை என்று அடுத்த கேள்வி வரும். நூல் வாங்கிய பில்லை நான் யாரிடமும் காட்டுவதில்லை.

சாக்ஸுக்குப் பெரியவர் கால் என்றால் 64 கண்ணி என்பது வழக்கமான கணக்கு. நான்கு ஊசியில் பதினாறு பதினாறாகப் பிரித்துப் போட்டால் ஜாதகக் கட்டம்போல ஒரு சதுரம் வரும். ஐந்தாவது ஊசி குரு பகவான் மாதிரி ஒவ்வொரு வீடாகப் பெயர்ந்துகொண்டே இருக்கும். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகிற மூலையில் நூலைத் தளர விட்டால் அங்கே ஓர் இடைவெளி விழுந்து, கணுக்கால்வரை ஏணி மாதிரி இறங்கும். இறுக்கிப் பிடித்தால் போதும், பரிகாரம் எதுவும் வேண்டாம்.

நாலு ஊசி செட்டா, ஐந்து ஊசி செட்டா என்பதில் உலகம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஆங்கிலேயர் மரபில் மூன்றில் கண்ணி, நாலாவதில் வேலை. ஜெர்மனிப் பக்கம் நான்கில் கண்ணி, ஐந்தாவதில் வேலை. நான் ஜெர்மனி கட்சி. 64-ஐ மூன்றால் வகுத்துப் பாருங்கள், காரணம் புரியும்.

இந்தக் கலைக்குப் பழம்பெருமையும் உண்டு. மைஸ்டர் பெர்ட்ராம் என்ற ஓவியர் 1400-ஐ ஒட்டி வரைந்த ஒரு பீடச் சித்திரம் ஹாம்பர்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் மேரி மாதா இருபக்கக் கூர் ஊசிகளால் தையலில்லாத ஒரு சட்டையை வட்டமாகப் பின்னிக்கொண்டிருக்கிறார். எதிரே சிலுவை, ஈட்டி, முட்கிரீடம் சகிதம் தேவதூதர்கள் வந்து நிற்கிறார்கள். மாதா எழுந்திருக்கவில்லை. கண்ணி ஊசியில் இருக்கும்போது யார் வந்தாலும் எழுந்திருக்க முடியாது. இதைத்தான் நான் என் மனைவியிடம் கேஸ் சிலிண்டர் வந்தபோது சொன்னேன்.

இனி உலோகமா மூங்கிலா என்ற பெரிய கேள்வி. ஸ்டீல் ஊசியில் கண்ணி வழுக்கிக்கொண்டு ஓடும். வேகமான, இறுக்கமான கைக்கு அது சொர்க்கம். தளர்ந்த கைக்கு அதுவே நரகம், ஏனென்றால் அந்தக் கடைசியில் காவலுக்கு யாரும் இல்லை. பையை மடியிலிருந்து தூக்குகிற நேரத்தில் ஓர் ஊசி சத்தமில்லாமல் உருவிக்கொண்டு விழுந்து, பதினாறு கண்ணிகளும் வாயைப் பிளந்தபடி அநாதையாக நிற்கும். மூங்கில் அப்படி இல்லை; நூலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சென்னை வியர்வைக்கும் மூங்கில்தான் தேவலை. அலுமினியம் எடை குறைவு, விலையும் குறைவு.

"ஏங்க, சோபால உட்காரலாமா, இல்ல தடவிப் பார்த்துட்டு உட்காரணுமா?" என்று வீட்டில் தினமும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மூங்கில் ஊசிமேல் உட்கார்ந்தால் ஊசிக்குச் சேதம். ஸ்டீல் ஊசிமேல் உட்கார்ந்தால் உட்கார்ந்தவருக்குச் சேதம். வீட்டுக்கு விருந்தாளிகள் நிறைய வருவார்களா என்பதைப் பொறுத்து முடிவு செய்துகொள்ளலாம்.

இத்தனைக்கும் ஊசி நம் மண்ணிலேயே விளைகிறது. குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயிலில் கேத்தி என்று ஒரு ஸ்டேஷன் வரும். அந்தக் கேத்தியில் 1949-இல் தொடங்கிய நீடில் இண்டஸ்ட்ரீஸ்தான் 'போனி' பின்னல் ஊசிகளைச் செய்கிறது. கம்பெனிச் சட்டம் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் 1981-ஆம் வருட உச்ச நீதிமன்றத் தீர்ப்பாக மனப்பாடம். அவர்களில் ஒருவர்கூட என்னிடம் சாக்ஸ் பற்றிப் பேசியதில்லை.

நம்பர் விஷயத்தில் மட்டும் யாரையும் நம்பாதீர்கள். பழைய பிரிட்டிஷ் கணக்கில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்கக் கணக்கில் நம்பர் ஏற ஏறத் தடிக்கும். பிரிட்டிஷ் 8 என்பது 4 மில்லிமீட்டர். அமெரிக்க 8 என்பது 5 மில்லிமீட்டர். அந்த 5 மில்லிமீட்டர் பிரிட்டிஷில் 6. அந்த 4 மில்லிமீட்டர் அமெரிக்காவில் 6. இரு நாடும் உட்கார்ந்து யோசித்துச் செய்திருந்தால்கூட இவ்வளவு நேர்த்தியாகக் குழப்பியிருக்க முடியாது. நம் ஊரில் இன்றும் "பத்தாம் நம்பர், பன்னிரண்டாம் நம்பர்" என்று பிரிட்டிஷ் கணக்கில் கேட்பவர்கள் உண்டு. அதே ஆள் அமெரிக்க டிசைன் புத்தகத்தைப் பார்த்துப் பின்னினால் பேரனுக்கு எடுத்த குல்லா பொம்மைக்குத்தான் ஆகும்.

நீளம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கையுறை விரலுக்குச் சிறியது, சாக்ஸுக்கு 15 அல்லது 20 சென்டிமீட்டர். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாண்ட் தீவுப் பெண்கள் இதைவிட நீளமான ஊசியின் ஒரு முனையை இடுப்பு பெல்ட்டின் ஓட்டையில் செருகிக்கொண்டு, முதுகில் சுமையோடு நடந்தபடியே பின்னினார்கள். எனக்கு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பின்னவே மூச்சு வாங்குகிறது.

நீளக் கேபிள் வைத்த ஒற்றை வட்ட ஊசி இருக்க இத்தனை ஊசி எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அவர்கள் சாக்ஸும் நன்றாகத்தான் வருகிறது.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் 2.5 மில்லிமீட்டர், 20 சென்டிமீட்டர், மூங்கில் என்று கேளுங்கள். நூல் கறுப்பு என்றால் வெளிர் ஊசி, வெளிர் நூல் என்றால் கறுத்த ஊசி. நாற்பது தாண்டிய கண்ணுக்கு இது முக்கியம். செட் ஐந்தாகவே இருக்கட்டும். ஐந்தில் ஒன்று சோபாவுக்குள் போய்விட்டாலும் மீதி நாலை வைத்து ஆங்கிலேயர் வழியில் பின்னி முடித்துவிடலாம்.