எல்லைகள் இரண்டு

கேள்வி: ஆளுக்கு ஓர் ஓட்டு என்றான பிறகும் ஜாதி வித்தியாசம் போகவில்லையே, ஜனநாயகத்தால் என்ன பிரயோஜனம்? (வாசகர், பள்ளிப்பட்டு)

பதில்: ஆந்திரத்துச் சித்தூர் ஜில்லாவில் இருந்த உங்கள் பள்ளிப்பட்டும் திருத்தணியும், ம.பொ.சி. முதலானோர் நடத்திய எல்லைக் கிளர்ச்சியின் பயனாய், மத்தியஸ்தர் படாஸ்கரின் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தன அல்லவா? ராஜ்யத்தின் எல்லையையே நகர்த்திய ஜனங்களின் குரல், ஊருக்கும் சேரிக்கும் நடுவிலுள்ள எல்லையருகே வந்ததும் கம்மிவிடுகிறது. அரசியலில் சமத்துவமும், சமூக, பொருளாதார வாழ்வில் அசமத்துவமுமாகிய முரண்பாட்டுக்குள் பிரவேசிக்கிறோம் என்று, 1949 நவம்பர் 25 அன்றே அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார்.

மதுரை ஜில்லாவின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் பஞ்சாயத்துகளில், தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட 1996 முதல் பத்தாண்டுக் காலம், வேட்பு மனுவே வராதபடியும், வந்து ஜெயித்தவர் பதவியேற்ற கையோடு ராஜினாமா செய்யும்படியும் ஆதிக்க ஜாதியார் பார்த்துக்கொண்டார்கள். 2006இல்தான் முறையான தேர்தல் நடந்தது. தூரத்துக் கதை என்று எண்ண வேண்டாம்: உங்கள் திருவள்ளூர் மாவட்டத்து ஆத்துப்பாக்கத்திலேயே, 2020 சுதந்திர தினத்தன்று பஞ்சாயத்துத் தலைவரான தலித் பெண்மணி கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார்.

பிரயோஜனம் கேட்டீர்கள். தலைமுறை தலைமுறையாக விழுங்கப்பட்டு வந்த அவமானம், ஓட்டு தந்த பதவி ஒன்று அந்தப் பெண்மணியின் கையில் இருந்ததால், அன்று தேசமறிந்த புகாராயிற்று; சில நாளில் கலெக்டரே முன்னின்று அவரைக் கொடியேற்றச் செய்தார்.