தீக்குளித்த காசு

இலங்கையில் சீதைக்குப் பிறகு அக்கினிப் பரீட்சையில் தேறியவை கண்டி இராச்சியத்துக் காசுகள்தாம். இதற்குச் சாட்சி ஒரு வெள்ளைக்காரக் கைதி.

ரொபர்ட் நொக்ஸ் 1660இல் கொட்டியாரக் குடாவில் தகப்பனாரோடு பிடிபட்டவர். இரண்டாம் இராஜசிங்கன் அவரைக் கொல்லவுமில்லை, விடவுமில்லை. வெள்ளைக்காரரைச் சேர்த்து வைப்பது அந்த அரசனுக்கு ஒரு பொழுதுபோக்கு. ஆங்கிலேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர் என்று அகப்பட்டவர்களையெல்லாம் கண்டி மலைக் கிராமங்களில் இருத்திச் சோறு போட்டான். விற்கமாட்டான், மாற்றமாட்டான், எதற்கு இத்தனை பேர் என்று யாருக்கும் சொல்லவுமாட்டான். காசு சேர்ப்பவர்களின் மனைவிமாருக்கு இந்தக் குணம் புரியும்.

நொக்ஸ் சும்மா இருக்கிற ஆளில்லை. தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். 1679இல் அரிப்புக் கோட்டைக்குத் தப்பியோடி, 1681இல் லண்டனில் புத்தகமும் போட்டார். வட்டிக்காரர் எழுதிய புத்தகமல்லவா, காசு பற்றிய பகுதி கச்சிதம்.

கண்டியில் அப்போது மூன்று வகைக் காசு. ஒன்று, ஒரு பக்கம் அரச சின்னமும் மறுபக்கம் பாதிரியாரும் பதித்த போர்த்துக்கேயக் காசு. இன்னொன்று அரசனுடைய பணம்: சேலையில் தைக்கிற ஜிகினாப் பொட்டளவுதான், 75 சேர்ந்தால் ஒரு ஸ்பானிய வெள்ளி. அதை வேறு யாராவது அடித்தால் தலை போகும்.

மூன்றாவதுதான் வேடிக்கை. தூண்டில் முள்போல வளைந்த வெள்ளிக் கம்பி, பெயர் ரிதி. இதை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், அரசனே அனுமதித்திருந்தான். மத்திய வங்கி ஆளுநர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவது நல்லது.

இதன் பூர்வீகம் பாரசீகத்து லார் நகரம். அங்கே மடித்த கம்பியில் முறையான எழுத்துப் பொறித்தார்கள். இங்கே வாசிக்கத் தெரியாத தட்டார் அதைப் பார்த்து அடித்தார். அவர் அடித்ததைப் பார்த்து இன்னொருவர் அடித்தார். கடைசியில் எந்த மொழிக்காரனுக்கும் புரியாத எழுத்து வந்து சேர்ந்தது. விரும்பிய அடையாளத்தைக் குத்திக்கொள்ளலாம் என்பதால் யாரும் கவலைப்படவில்லை.

கவலையெல்லாம் வெள்ளியைப் பற்றித்தான். சந்தேகம் வந்தால் காசை நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். வெள்ளைவெளேரென்று எழுந்தால் செல்லும், இல்லையென்றால் செல்லாது. செம்பு கலந்திருந்தால் சூட்டில் மேல் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். உளியால் வெட்டிப் பார்க்கிறவர்களும் இருந்தார்கள். இன்றைக்குக் கிடைக்கிற ரிதிகள் பலவற்றில் அந்தத் தழும்பு இருக்கிறது.

இதே ரிதியை இப்போது அமெரிக்கத் தர நிர்ணயக் கம்பனி ஒன்றுக்கு அனுப்பிப் பாருங்கள். தீயில் போட்டதா? கெடுத்துவிட்டீர்கள். வெட்டா? சேதம். சும்மா துலக்கியிருந்தாலே எண் கிடையாது, குறையை எழுதித் திருப்பிவிடுவார்கள். அவர்களுக்கு வெள்ளியின் மனசு வேண்டாம், முகம் போதும். லென்சு வைத்துக் கீறல் தேடி, 1 முதல் 70 வரை புள்ளி போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துவிடுகிறார்கள்.

70 எங்கிருந்து வந்தது? 1949இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் பழைய அமெரிக்கச் செப்புச் சதங்களுக்காகப் போட்ட கணக்கு அது. படுமோசமானது ஒரு டொலர் போனால், அப்பழுக்கற்றது 70 போகும். அந்த விலை எப்போதோ மலையேறிவிட்டது, 70 மட்டும் அப்படியே நிற்கிறது. ஷெல்டனுக்குத் தொழில் உளவியல். மனிதர்களையும் குண்டு, கட்டுடல், ஒல்லி என்று தரம் பிரித்துக் குணம் சொன்னவர். அதற்காகப் பல்கலைக்கழக மாணவர்களை உடுப்பில்லாமல் படமெடுத்தவர்.

அவருடைய கண் கூர்மையை மட்டும் குறை சொல்லமுடியாது. அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் தட்டிலிருந்து நல்ல சதங்களை எடுத்துக்கொண்டு, அதே வகையில் தரம் குறைந்தவற்றை அங்கே வைத்துவிட்டார். நூற்றுக்கு மேல். விஷயம் நீதிமன்றத்துக்குப் போனபோது அவர் உயிரோடு இல்லை. இராஜசிங்கனிடம் அகப்பட்டிருந்தால் எண்ணெல்லாம் போட்டுக்கொண்டிருக்கமாட்டான். தண்டனை நிறைவேற்ற அவனிடம் யானை இருந்தது.