கம்பளிப் பந்துக்கு அஞ்சிய அரசு

மழலையர் வகுப்பின் காலை வேளையில் குழந்தைகள் தம் கையால் செய்து பழகும் வேலைகள், அதாவது மணி கோத்தல், பருப்பு வகைகளைப் பிரித்தல், மரக்கட்டை அடுக்குதல் போன்றவை, எத்துணை சாதுவாகத் தோன்றினாலும், ஓர் அரசை அச்சுறுத்திய பெருமை அவற்றுக்கு உண்டு. 1837-இல் ஜெர்மனியில் பிரீட்ரிக் ஃபுரோபெல் தொடங்கிய நிலையம் 1840-இல் 'கிண்டர்கார்ட்டன்' எனப் பெயர் பெற்றது. 'பரிசுகள்' என்று அவர் அழைத்த கற்றல் கருவிகளுள் முதலாவது, கயிற்றில் கட்டித் தொங்கவிடக்கூடிய ஆறு வண்ணக் கம்பளிப் பந்துகள். இப்பந்துகளுக்குள் நாத்திகமும் சமவுடைமையும் பதுங்கியிருப்பதாகக் கண்டறிந்த பிரஷ்ய அரசு, 1851-இல் இத்தகைய பள்ளிகளைத் தடைசெய்தது; ஃபுரோபெலையும், தீவிரக் கருத்துடைய அவருடைய சகோதரர் மகன் கார்ல் ஃபுரோபெலையும் ஒருவரென்றே அதிகாரிகள் குழப்பிக்கொண்டதும் இதற்கொரு காரணம் (அரசுக் கோப்புகளில் பெயர்க் குழப்பம் எந்நாட்டிலும் புதிதன்று). 1860-இல் தடை நீங்கியபோது, அதைக் கேட்டு மகிழ ஃபுரோபெல் உயிரோடில்லை.

குழந்தைகள் தம் கையால் செய்வதைத் தடுக்க இன்று தடையாணை தேவைப்படுவதில்லை. பெற்றோர் நள்ளிரவுவரை வெட்டி ஒட்டி முடித்ததைக் காலையில் குழந்தை கையில் ஏந்திப் படத்துக்கு நிற்பதும், அப்படம் உடனே வாட்ஸ்அப் குழுவை அடைவதுமே பல பள்ளிகளில் 'செய்முறைக் கற்றல்' எனப்படுகிறது. 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரியோ, குழந்தை தானே செய்யக்கூடியதைப் பெரியவர் செய்து கொடுப்பது அதன் வளர்ச்சிக்கு இடையூறு என்று கருதியவர். அந்த அளவுகோலின்படி, பள்ளி வழங்கும் தங்க நட்சத்திரம் நியாயமாக அம்மாவின் நெற்றியில் ஒட்டப்பட வேண்டியதாகும்.